நாலாம் நம்பர் அறையின் டேமேஜ் நோட்டு

சடையாண்டி அந்த அறைக்குள் போனதும் செய்த முதல் வேலை, சுவரைத் தட்டிப் பார்த்தது. அடுத்து நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த கோடு போட்ட நோட்டைப் பிரித்து, தேதி போட்டு, மணி போட்டு எழுதினார்:

"நாலாம் நம்பர் அறை. பெற்றுக்கொண்டது. டேமேஜ் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதுவே சந்தேகமாக இருக்கிறது."

வாசலில் நின்ற ஃபர்ஹானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தின் அறைகளையெல்லாம் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் அவள்.

"ஐயா, இது ரூம். பார்சல் இல்ல."

"எதுவா இருந்தா என்னம்மா? ஒருத்தன் ஒரு பொருளை நம்ம கையில குடுத்தா, என்ன ஒடசல்னு அப்பவே எழுதிப்புடணும். எழுதாம வாங்குனா ஒடச்சது நாமன்னு ஆயிரும்."

முப்பத்தொரு வருஷம் ஆண்டிபட்டியில் பார்சல் ஆபீஸில் சரக்கு வாங்கி வைத்த மனிதர். அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடம் அவரை விட்டது, அல்லது அவர் அதை விட்டார். அந்த ஆபீஸில் ஹாரன் சத்தத்துக்கும் சுமைக்காரர்கள் சண்டைக்கும் நடுவில், எடைமேடைமேல் சாய்ந்துகொண்டு, பழைய சிட்டைகளின் பின்பக்கத்தில்தான் 'மாரிக்கண்ணு' தொடரை எழுத ஆரம்பித்தார். மாரிக்கண்ணு லாரி ஓட்டுகிற பொம்பளை. பஸ்ஸிலும் சமையல்கட்டிலும் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற தொடர். அறுநூறு பகுதி தாண்டிவிட்டது. அவள் பிரேக் போட்டால் கேட்கிறவர்களும் காலை அழுத்துவார்கள்.

போன வருஷம் லாரிகள் தானாக ஓட ஆரம்பித்தன. பார்சல் ஆபீஸும் தானாகவே சரக்கு வாங்கித் தானாகவே ஏற்ற ஆரம்பித்தது. ஆபீஸில் சடையாண்டிக்கு நிற்க இடமில்லை. தொடரில் மாரிக்கண்ணுக்கு உட்கார சீட்டு இல்லை. ஓட்டுநர் வேண்டாத லாரியில் ஒரு லாரி ஓட்டுகிறவளை எங்கே உட்காரவைப்பது? ஒரு வரிகூட ஓடவில்லை. அதனால்தான் தொடரை வெளியிடுகிற கம்பெனி அவரைச் சென்னைக்கு, சாலிகிராமத்தில் எழுத்தாளர்களைத் தங்கவைத்து எழுதவைக்கிற தன் கதைக்கூடத்துக்கு வரவழைத்தது.

தொடர்களுக்குப் பொறுப்பான கருணாம்பிகை அவரை வரவேற்ற விதம் இது:

"சடையாண்டி சார், இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ள கடைசி பன்னண்டு எபிசோட் வேணும். வரலைன்னா நாங்களே முடிச்சுக்குவோம்."

"எப்படி முடிப்பீங்க?"

"மலைப்பாதை, மழை, பள்ளம். ஊரே அழும். நல்லாப் போகும்."

"பதினெட்டு வருஷமா கொண்டைஊசி வளைவுல வண்டி திருப்புறவ. அவளா பள்ளத்துல விழுவா? உங்களுக்கு வண்டியும் தெரியல, அவளையும் தெரியல."

"அப்போ நீங்க எழுதுங்க சார். அதுக்குத்தான் அந்த ரூம்."

அறைக்கு மூளை வைக்கிற காலம் வந்துவிட்டது. மனுஷனுக்கு வைத்ததே ஒழுங்காக ஓடக்காணோம். அந்த மூளை எப்படி வேலை செய்யும் என்று ஃபர்ஹானாதான் சொன்னாள்.

"நீங்க எழுதறதை இந்த மேஜை எண்ணிக்கிட்டே இருக்கும் ஐயா. என்ன வெளிச்சத்துல, எவ்ளோ குளிர்ல, எந்த வாசனையில நீங்க அதிகமா எழுதறீங்களோ, அதை அறை பிடிச்சு வச்சுக்கும். எழுதறது குறைஞ்சா வேற ஏதாவது மாத்திப் பார்க்கும்."

"யாரு சொல்லிக் குடுக்குறது?"

"யாரும் இல்ல. அதுவே கத்துக்கும்."

"நான் என்ன எழுதுறேன்னு படிக்குமா?"

"படிக்காது. உங்க எழுத்தாளர் சங்கம் சண்டை போட்டு வாங்கின ஷரத்து. நீங்களா குடுக்கற வரைக்கும் மெஷினும் படிக்கக்கூடாது, மனுஷனும் படிக்கக்கூடாது. எண்ணிக்கை மட்டும்தான்."

"படிக்காமலே நல்லா எழுதுறேனா இல்லையான்னு சொல்லிருமா? எங்க முதலாளி மாதிரியே இருக்கு" என்றார் சடையாண்டி.

முதல் நாலு நாள் அறை அவரைத் தாஜா பண்ணியது. ஜன்னல் கண்ணாடியில் கடலைக் காட்டியது. அவர் அரை மணி நேரம் கடலைப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார். சந்தன வாசனை விட்டது. யாரோ செத்த வீடு மாதிரி இருக்கிறதென்று எழுந்து வெளியே போய்விட்டார். கடைசியில் எங்கேயோ மோப்பம் பிடித்து டீசல் வாசனையும் லாரி ஹாரனும் போட்டது. சடையாண்டி காதைத் தீட்டிக் கேட்டார்.

"இது எங்க ஊரு ஹாரன் இல்ல. கேரளா வண்டி" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

அஞ்சாம் நாள் ஏ.சி.யிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் நோட்டில் விழுந்தது. சும்மா விழுந்த சொட்டுதான், யாரும் திட்டம் போடவில்லை. சடையாண்டி விடுவாரா? தேதி, மணி, சொட்டு விழுந்த இடம், நனைந்த எழுத்துகள் எத்தனை, இதே மாதிரி தொண்ணூத்தெட்டில் ஒரு மிளகாய் மூட்டை நனைந்து வந்தபோது டிரைவர் சொன்ன பொய் என்ன என்று ஒன்றரைப் பக்கம் எழுதினார்.

மேஜை எண்ணியது.

மறுநாள் ரெண்டு சொட்டு விழுந்தது. விளக்கு ஒருதரம் கண்ணடித்தது. மூணு பக்கம். அதற்கு மறுநாள் மேஜை இடதுபக்கம் சாய்ந்தது, நாற்காலி ஒரு விரற்கடை கீழே இறங்கியது, எங்கிருந்தோ பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். ஆறு பக்கம். வைதால் மனசு லேசாகிவிடுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் மாரிக்கண்ணுக்கு ஒரு வரி இல்லை.

சாப்பாட்டு ஹாலில் ஒரு பலகை உண்டு. யார் எவ்வளவு எழுதினார்கள் என்று தினமும் சாயந்தரம் காட்டும். அதைப் பார்த்து எழுத்தாளர்களுக்கு ரோஷம் வரவேண்டும் என்பது கம்பெனியின் எண்ணம். பெரும்பாலும் பசி போனதுதான் மிச்சம். பதிமூணாம் நாள் அதில் முதல் பெயர் சடையாண்டி. அதுவரை முதலில் இருந்த எபனேசர் இரண்டாவதாக இறங்கியிருந்தார். தூத்துக்குடிக்காரர், ஆறாம் நம்பர் அறையில் பேய்க்கதை எழுதுகிறவர், ஐம்பது வயதிருக்கும்.

"அண்ணாச்சி, என்னத்த இப்படி எழுதித் தள்ளுதீரு? பிரேக்கே கிடையாதா உமக்கு?"

"நான் எங்கய்யா எழுதுனேன்? பலகை பொய் சொல்லுது. நீ சொல்லு, நீ எப்படி எழுதுற?"

எபனேசர் சிரித்தார். ஆனால் கண் சிவந்திருந்தது. "சொன்னா நம்ப மாட்டீரு. பதினோரு மணியாச்சுன்னா எம்பொண்டாட்டி ஜெசிந்தா வைக்க சாளைமீன் குழம்பு வாசம் வருது. அப்படியே அதே மணம். ஊரு ஞாபகம் வந்து அழுகையா பொங்குது. அழுதுக்கிட்டே எட்டுப் பக்கம் எழுதிருதேன்."

"குழம்பு வருதா?"

"வாசம் மட்டுந்தான் அண்ணாச்சி. ஒரு மாசமா எங்கதையில வர்ற பேயெல்லாம் அழுதுக்கிட்டே இருக்கு. ஒண்ணுகூட யாரையும் பயமுறுத்த மாட்டேங்கு."

சடையாண்டி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நேரே ஃபர்ஹானாவைத் தேடிப் போனார்.

"ஏம்மா, நான் ஒரு சீன்கூட எழுதல. பலகையில எம்பேரு எப்படி வந்துச்சு? யாருக்கோ என்னை வச்சு வேடிக்கை காட்டுறீங்களா?"

"எதுவுமே எழுதலையா?"

"டேமேஜ்தான் எழுதுனேன்." நோட்டை அவள் கையில் கொடுத்தார். "நானா குடுக்கறேன், படி."

ஃபர்ஹானா நின்றபடி ரெண்டு பக்கம் படித்தாள். மூணாவது பக்கத்தில் சுவரில் சாய்ந்தாள். அஞ்சாவது பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சட்டென்று நின்றது அந்தச் சிரிப்பு.

"ஐயா, அறைக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொன்னேன்ல? அதுக்கு சீனும் ஒண்ணுதான், புகாரும் ஒண்ணுதான். தண்ணி சொட்டினப்போ நீங்க எழுதினீங்க. அதனால இன்னும் சொட்ட வச்சுது. நீங்க திட்டத் திட்ட, இவருக்கு இது பிடிச்சிருக்குன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் கெட்டுப்போச்சு. பாவம், உங்களுக்காக ரொம்ப உழைச்சிருக்கு."

"அப்ப எபனேசரு?"

ஃபர்ஹானா நோட்டை மூடினாள்.

"நூறு வாசனைக் குப்பி இருக்கு ஐயா. புளி, மிளகாய், மீன்னு கலந்து கலந்து பார்த்திருக்கும். எதுல அவர் அதிகமா எழுதினாரோ..."

"அழுதான்னு அதுக்குத் தெரியாதா?"

"அதை எண்ணறதுக்கு அதுல ஒண்ணும் வைக்கல."

"எங்க ஷெட்டுல ஒரு மேஸ்திரி இருந்தான். மூட்டை எத்தனைன்னு எண்ணுவான், தூக்குறவன் முதுகைப் பாக்க மாட்டான். அவனாச்சும் சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவான். இது சுவரா நின்னுக்கிட்டே இருக்கே!"

மறுநாள் காலையில் ரெண்டு பேருமாகக் கருணாம்பிகையிடம் போனார்கள். பலகையைப் பார்த்துவிட்டு மாலையோடு வரலாமென்று இருந்த அம்மாள், விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் சரிந்தாள்.

"பதினாலு நாள்ல ஒரு சீன்கூட இல்லையா?"

"இல்ல. ஆனா ஏ.சி.யப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க."

"ஃபர்ஹானா, நாலும் ஆறும் ஆஃப் பண்ணிடு. மூளையைக் கழட்டி எடுத்துடு. சார், உங்களுக்குப் பதினாறு நாள் இருக்கு. அப்புறம் பள்ளம்தான், என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அன்றைக்கே மூளை கழற்றப்பட்டது. தீப்பெட்டி அளவுதான் இருந்தது. இதுவா என்னைப் படுத்தியது என்று சடையாண்டி கையில் வாங்கி எடை பார்த்தார். எபனேசர் தன் அறையின் மூளைக்கு ஒரு உதை விட அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. அன்று சாயந்தர ரயிலுக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டார், ரெண்டு வாரத்தில் வருகிறேன் என்று.

நாலாம் நம்பர் அறை வெறும் அறையானது. சொட்டு இல்லை, நாற்றம் இல்லை, சாய்வு இல்லை. சடையாண்டி காலையில் வந்து "டேமேஜ் இன்னும் தெரியவில்லை" என்று எழுதுவார். அப்புறம் மத்தியானம் வரை வெள்ளைத் தாளைப் பார்ப்பார். ஹாரன் இல்லாத, சண்டை இல்லாத, கெட்டுப்போகாத ஒரு இடத்தில் மனுஷன் யாரிடம் பேசுவான்? மூணு நாள் அப்படிப் போனது. மாரிக்கண்ணு பள்ளத்தின் விளிம்புக்கு மூணு நாள் கிட்டே வந்துவிட்டாள். பொய் சொல்லக்கூடாது, அந்த மூணு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் காலையில் நாற்காலி ஆடியது.

சடையாண்டி இறங்கிப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். மறுபடி ஆடியது. அவர் முகத்தில் பதினெட்டு வயசு திரும்பி வந்தது.

"செத்துட்டன்னு சொன்னாங்களேடா உன்னைய!" என்றார் சுவரைப் பார்த்து. பேனாவைத் திறந்தார். ஒரு பக்கம்.

மறுநாள் அவர் பிடரியில் சரியாக அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு சொட்டு விழுந்தது. அதற்கு மறுநாள் சுவர்க் கடிகாரம் ரெண்டு மணி நேரம் முன்னால் ஓடி, பத்து மணிக்கே அவரைச் சாப்பாட்டுக்குக் கிளப்பிவிட்டது. பூட்டிக் கிடந்த ஹால் வாசலில் தட்டோடு நின்றுவிட்டு வந்தார். அதற்கு மறுநாள் ஒரு பூச்சி. அலமாரிப் பக்கமிருந்து க்ரீச், க்ரீச் என்று விடாமல் ஒரு சத்தம். அலமாரியைத் தட்டினால் நிற்கும். பேனாவைத் தொட்டால் ஆரம்பிக்கும்.

சடையாண்டிக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. புகார் எழுதுவதை விட்டுவிட்டு நேரடியாக அறையையே வைய ஆரம்பித்தார்:

"ஏய், உனக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்? எப்ப எனக்குப் பசிக்கும்னு நீ சொல்றியா? எனக்கு எது சொகம்னு நீ முடிவு பண்றியா? பதினெட்டு வருஷமா இந்த ரோட்டுல ஓட்டுறவ நான். எந்த வளைவுல எத்தனை கல்லு கிடக்குன்னு என் பாதத்துக்குத் தெரியும். எங்க திரும்பணும்னு நேத்துப் பொறந்த நீ எனக்குச் சொல்றியா?"

பேனா நின்றது.

சடையாண்டிக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பின்னே எழுதினது யார்?

மெதுவாகத் தாளைத் திருப்பினார். முந்தின நாள் எழுதியதைப் படித்தார். அதற்கு முந்தின நாள் எழுதியதைப் படித்தார். அந்த நக்கல், அந்தக் கோபம், நடு நடுவே ஒரு பழங்கதை. இருபது நாளாக வாயே திறக்கவில்லை என்று அவர் தேடிக்கொண்டிருந்தவள், டேமேஜ் நோட்டுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவர்தான் கவனிக்கவில்லை.

அப்புறம் நிற்கவில்லை. தானாக ஓடுகிற லாரியில் சும்மா காவலுக்கு உட்கார்ந்து போகிற வேலை மாரிக்கண்ணுக்குக் கிடைக்கிறது. லாரி அவளுக்குப் புத்தி சொல்கிறது. அவள் லாரிக்குப் புத்தி சொல்கிறாள். லாரி செய்கிற தப்பையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுகிறாள். பூச்சி க்ரீச்சிட, பிடரியில் சொட்டு விழ, ஆடுகிற நாற்காலியில் ஆடிக்கொண்டே சடையாண்டி பன்னண்டு பகுதியையும் எழுதி முடித்தார். இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் கொண்டுபோய்க் கருணாம்பிகை மேஜையில் போட்டார்.

அந்த அம்மாள் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்து, உட்கார்ந்து, போனை அணைத்துவிட்டு, கடைசிப் பகுதிக்கு வந்தாள். அதில் மலைப்பாதை வருகிறது, மழையும் வருகிறது. பதினேழாவது வளைவில், கண்ணை மறைக்கிற பனியில், லாரி தானாக நின்றுவிட்டு முதல்முறையாகப் பணிவாகக் கேட்கிறது: "அக்கா, இங்க எப்படித் திரும்புறது?"

"பள்ளம் வேண்டாம்" என்றாள் கருணாம்பிகை. "இன்னும் நூறு எபிசோட் எழுதறீங்களா சார்? அதே ரூம், மூளை இல்லாம."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் சடையாண்டி. யோசிக்க ஒன்றுமில்லை. உடனே சரி என்று சொன்னால் ஏமாந்துவிடுவோமோ என்று ஒரு பழக்கம்.

அறைக்குத் திரும்பினார். பூச்சி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. இன்றைக்கு அதைப் பார்த்துவிடுவது என்று அலமாரியை இழுத்தார். பின்னால் ஒரு தீப்பெட்டி. மேலே குண்டூசியால் குத்தின ஓட்டைகள். திறந்தால் ஒரு சில்வண்டு. பக்கத்தில், அது தின்பதற்கு, மெல்லிசாக நறுக்கின ஒரு வெள்ளரித் துண்டு.

சடையாண்டி அந்த வெள்ளரித் துண்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கவிழ்த்தார். ஒரு காலில் ரம்பம் போட்ட தடம். மேஜைமேல் ஏறிக் கூரைப் பலகையை நெம்பினார். தலைகீழாகத் தொங்கிய ஒரு தண்ணீர் பாட்டில், அதிலிருந்து ஆஸ்பத்திரியில் ஏற்றுவார்களே, அந்தக் குளுக்கோஸ் குழாய்.

ஃபர்ஹானாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஏம்மா, மூளை கழட்டின அறைக்கு வெள்ளரிக்காய் நறுக்கத் தெரியுமா?"

அவள் இழுத்துப் போட்டிருந்த அலமாரியைப் பார்த்தாள்.

"ஐயா... எங்கம்மா ஆம்பூர்ல செருப்புக் கம்பெனியில தைக்கறாங்க. காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் காதுல மாரிக்கண்ணுதான். அவ பள்ளத்துல விழுந்தா நான் வீட்டுக்கே போக முடியாது. நீங்க மூணு நாளா வெறும் தாளைப் பார்த்துட்டு உக்காந்திருந்தீங்க. உங்க நோட்டைப் படிச்சவ நான் ஒருத்திதானே. அதுல மாரிக்கண்ணு பேசறது எனக்கு அன்னிக்கே கேட்டுச்சு. சொன்னா நம்ப மாட்டீங்கன்னு..."

"நம்பியிருக்க மாட்டேன்தான்."

"அறை செஞ்ச அதே வேலையத்தானே நானும் செஞ்சிருக்கேன். உங்களைக் கேக்காம. தப்புதான் ஐயா."

சடையாண்டி தீப்பெட்டியை மூடினார்.

"தப்புதான். அடுத்த தடவ சொல்லிட்டுச் செய்யி. ஆனா அது எண்ணுச்சு, நீ கேட்டுருக்க. ரெண்டுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. நாற்காலிக் கால்ல எவ்வளவு வெட்டுன?"

"அரை சென்டிமீட்டர்."

"முழுசா ஒரு சென்டிமீட்டர் வெட்டியிருந்தா ரெண்டு நாள் முந்தியே முடிச்சிருப்பேன்."

வெளியே யாரோ சிரிக்கிற சத்தம். ஊருக்குப் போன எபனேசர் திரும்பி வந்துவிட்டார். ஒரு கையில் ஜெசிந்தா, ஒரு கையில் நாலடுக்குத் தூக்குவாளி. "அண்ணாச்சி! இந்தத் தடவ வாசத்தோட குழம்பும் வந்துட்டு, ஓடி வாரும்!" என்று தாழ்வாரமே அதிரக் கூப்பிட்டார்.

"இந்தா வர்றேன்யா" என்ற சடையாண்டி, எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். நூறு பகுதிக்கு அதே அறையை ஏற்றுக்கொள்வதென்றால் எழுதாமல் முடியாது. தேதி போட்டார், மணி போட்டார். ஃபர்ஹானா எட்டிப் பார்த்தாள்.

"நாலாம் நம்பர் அறை. மறுபடி பெற்றுக்கொண்டது. நாற்காலி ஆடும். மேலே தண்ணீர் பாட்டில் ஒன்று. உயிரோடு பூச்சி ஒன்று, தினம் வெள்ளரி வைக்கவேண்டியது."

அடுத்த வரியில் 'டேமேஜ்' என்று எழுதிவிட்டுப் பேனாவை வாயில் வைத்து யோசித்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தீப்பெட்டிப் பார்சலைக்கூட அவர் குறை சொல்லாமல் வாங்கியதில்லை. பிறகு, யாராவது பார்க்கிறார்களா என்று வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.